உள்ளே போட்ட பெருக்கல் குறி

பல் டாக்டரிடம் போய்விட்டுக் கடைக்குத் திரும்பியபோது என் வாயில் ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. உதடு இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த யோசனையை எனக்குச் சொன்ன முதல் ஆள் அவரில்லை.

வாசலில் என் கொழுந்தன் ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தரையெல்லாம் நுரை. எதைப் பார்த்தாலும் கழுவுகிற பழக்கம் அவனுக்கு. பூட்டைக்கூடக் கழுவித்தான் திறப்பான். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவன் சோப்பு. வேறு இடத்தில் வேலை போய், போன மாதம்தான் எங்களோடு வந்து சேர்ந்தான்.

எங்களுடையது பழைய கார் டயர் கடை. புது டயர் விலையைக் கேட்டு முகம் வெளுத்துப் போகிறவர்கள் அடுத்து வந்து நிற்பது எங்களிடம்தான். என் வீட்டுக்காரர் வேனை எடுத்துக்கொண்டு அலைந்து டயர் வாங்கி வருவார், கேட்கிற கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சோப்பு கழற்றுவான், மாட்டுவான், கழுவுவான். டயரைச் சோதிப்பது என் வேலை. அதில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது, வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பக்கத்தில் பதித்திருக்கும் நாலு எண்ணைப் பார்த்தால் டயர் எந்த வருஷம், எந்த வாரம் செய்தது என்று தெரிந்துவிடும். மேலே பட்டன் எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணுக்கே தெரியும். பட்டன் என்றால் சாலையைப் பிடித்துக்கொள்கிற மேடுகள். அது தேய்ந்து மொட்டையானால் மழையில் பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது. ஆனால் வெளியே தெரிகிற எதையும் கறுப்பு பாலிஷ் போட்டு ஏமாற்றிவிடலாம். அதனால் நான் கையை உள்ளே விட்டு ஒரு சுற்று வருவேன். காற்றில்லாமல் உருண்ட டயர் என்றால் உள்சுவர் நைந்து, ரப்பர் தூள்தூளாகக் கையில் ஒட்டும். வெளியே பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும். வெயிலில் பாரம் ஏற்றி ஓட்டினால் ஒரு நொடியில் கிழிந்துவிடும்.

அப்படி ஒன்று சிக்கினால் அதன் உட்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து, குறி போட்டதையெல்லாம் பக்கவாட்டில் அறுத்துப் போட்டுவிடுவார். அப்புறம் அதை யாராலும் மாட்ட முடியாது. முன்பெல்லாம் குறியை வெளியேதான் போட்டேன். கடைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ இங்கே கெட்ட டயரும் வைத்திருக்கிறார்கள் என்று திரும்பிப் போனார்கள். கெட்டதை ஒதுக்கி வைத்ததற்கு எனக்குக் கிடைத்த பெயர் அது. சரி, குறியை உள்ளே போடுவோம், யார் கண்ணிலும் படாது என்று மாற்றினேன். இது என் மூளையில் உதித்த ஏற்பாடு, எனக்கு இதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அன்று காலை ஒரே காரிலிருந்து கழற்றிய நாலு டயர் வந்தது. ஒரே கம்பெனி, ஒரே வருஷம், நாலும் நாலு உடன்பிறப்பு. மூன்று சுத்தம். நாலாவதில் கை விட்டதுமே தூள் வந்தது. குறியைப் போட்டேன். அதற்குள் பல்வலி உயிரை எடுத்தது. நாலையும் சுவரில் சாத்திவிட்டு டாக்டரிடம் ஓடினேன். என் வீட்டுக்காரர் அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். மலைமேல் இருக்கிற ஒரு கடைக்கு அன்று அவர் லோடு கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் சுவரில் ஒரே ஒரு டயர்.

"மத்ததெல்லாம் எங்க?" என்றேன். மரத்த வாயில் பாதி எழுத்து வெளியே வரவில்லை.

"போயிடுச்சு அண்ணி," என்றான் சோப்பு, முகமெல்லாம் பல்லாக. "நீங்க போன கொஞ்ச நேரத்துல ஒரு குடும்பம் வந்தாங்க. வீடு மாத்திக்கிட்டுப் போறாங்களாம். பின் டயர் சரியில்லைன்னு வழியில யாரோ சொல்லியிருக்காங்க. அந்தம்மா பேரம் பேசினாங்க பாருங்க, நமக்கே பாவமாயிடும். நான் மாட்டியே குடுத்துட்டேன்."

நான் மிச்சமிருந்த டயருக்குள் கையை விட்டேன். ஈரம். சுற்றிலும் தடவினேன், தூள் இல்லை, இது நல்ல டயர். ஆனால் உள்ளே எதற்கு ஈரம்?

"உள்ளயும் கழுவினியா?"

"உள்ளதான் அண்ணி ஒரே அழுக்கு. ஒண்ணுல யாரோ சாக்பீஸ்ல வேற கிறுக்கி வெச்சிருந்தாங்க. நாலையும் பிரஷ் போட்டுத் தேய்ச்சிட்டேன்."

அந்தக் கிறுக்கல் என்னவென்று இவனுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரிப் பழக்கம், அதைப் போய் யாரும் சொல்லித் தருவார்களா.

"அது கெட்ட டயர்டா. அதுக்குத்தான் அந்தக் குறி. பாரம் ஏறினா வெடிச்சிடும்."

அவன் கையிலிருந்து பைப் நழுவியது. "அண்ணி, அதுல ஒண்ணு வந்து..."

"வாயை மூடு. அவங்க எந்தப் பக்கம் போனாங்க?"

"மலை தாண்டிப் போறாங்களாம். அடிவாரத்துல சாப்பிட்டுட்டு ஏறுவோம்னு அந்தம்மா சொன்னாங்க. ஆனா அண்ணி, நான் என்ன சொல்றேன்னா..."

"போன் நம்பர் இருக்கா?"

"இல்ல. அண்ணி, ஒரு நிமிஷம் கேளுங்க..."

கேட்கிற நிலையில் நான் இல்லை. என்ன கார், என்ன நிறம் என்று மட்டும் பிடுங்கிக்கொண்டேன். வெள்ளைக் கார், கூரைமேல் மெத்தை, இரண்டு குழந்தைகள், ஒரு பெரியவர். ஸ்கூட்டரைக் கிளப்பியபோது அவன் பின்னாலேயே ஓடிவந்து ஏதோ கத்தினான். மன்னிப்புக் கேட்கிறான், கேட்கட்டும், வந்து வைத்துக்கொள்கிறேன் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊரைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டு கிடந்தது. தார் கொதித்தது. டயருக்குக் கெட்ட நேரம் அதுதான், உச்சி வெயில், நீள ஓட்டம், அதிக பாரம். நாலு பெரியவர்களுக்கு என்று செய்த காரில் ஒரு வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நேர்ச் சாலையில் வெடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு போய் எங்காவது நிற்கும், பிழைக்கலாம். மலை வளைவில் வெடித்தால் இழுத்துக்கொண்டு போக அங்கே இடம் இல்லை. பாழாய்ப்போன மனசு இதையெல்லாம் வரிசையாகப் படம் போட்டுக் காட்டியது. கையில் நான் தொட்டுப் பார்த்த தூள் இன்னும் ஒட்டியிருப்பது போல உள்ளங்கை அரித்தது.

பைக்குள் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்த்தேன், சோப்பு. துண்டித்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் மறுபடி அடித்தது. அதற்கப்புறம் நான் நிற்கவே இல்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே வந்தது. இவனுடைய அழுகையைக் கேட்க எனக்கு நேரம் இருக்கிறதா?

வழியில் வெள்ளைக் கார் எதைப் பார்த்தாலும் கூரையில் மெத்தை இருக்கிறதா என்று தேடினேன். சாலையோரம் கூட்டம் தெரிந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு இடத்தில் கூட்டமாக நின்றிருந்தார்கள். கிட்டப் போனால் தர்பூசணி விற்கிற வண்டி. அந்தப் பழக்காரரைத் திட்ட வேண்டும் போல அவ்வளவு ஆத்திரம் வந்தது எனக்கு.

அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடை முன்னால் அந்தக் கார் நின்றது. கூரையில் கோடு போட்ட மெத்தை, அதன்மேல் கவிழ்த்து வைத்த நாற்காலி, ஒரு குழந்தைச் சைக்கிள். பின் டயர் இரண்டும் சோப்பின் கைவண்ணத்தில் பளபளத்தன. பாரத்தில் இரண்டும் வயிறு பிதுங்கி நின்றன. கடவுளே, நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். பாதி உதட்டால் சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்கும்.

அவர்கள் சாப்பிட்டு முடித்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் தடிமனான கண்ணாடி போட்ட ஒருவர். பக்கத்தில் அவருடைய அப்பா. பின்னால் அவர் மனைவி, மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் மூட்டைகளுக்கு நடுவே இன்னொன்று.

"சார், வண்டியை எடுக்காதீங்க. நான் டயர் கடை. உங்களுக்குக் குடுத்த டயர்ல ஒண்ணு கெட்டது. தப்பா வந்துடுச்சு. மாத்திடணும்."

என் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு இதைச் சொன்னது. கடைவாயில் எச்சில் வேறு வழிந்தது போல, துடைத்துக்கொண்டேன்.

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குடிச்சிருக்குதுங்க," என்றாள் மெதுவாக.

"பல்லுக்கு ஊசி போட்டிருக்கும்மா. மரத்திருக்கு."

"கடையில பையன் ஒருத்தன்தானே இருந்தான். உங்களை நாங்க பார்க்கவே இல்லையே."

"அவன் என் கொழுந்தன். அவனுக்குத் தெரியாம குடுத்துட்டான். தயவுசெஞ்சு இறங்குங்க. பக்கத்துலயே பஞ்சர் கடை இருக்கு, கழற்றிப் பார்த்துடலாம். காசு முழுக்க நான் திருப்பித் தரேன்."

காசு என்று நான் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அவள் முகம் சட்டென்று தெளிந்தது, இப்போது புரிந்துவிட்டது என்கிற மாதிரி.

"நான் சொன்னேன்ல," என்றாள் கணவனிடம். "ரொம்பக் கம்மியா அடிச்சு வாங்கிட்டோம். அந்தப் பையன் வெவரம் தெரியாம குடுத்துட்டான். இப்ப டயரைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்காங்க. எவ்வளவு தூரம் துரத்திக்கிட்டு வந்திருக்காங்க பாருங்க. அப்படின்னா எவ்வளவு நல்ல டயரா இருக்கணும்."

வெளிப்பக்கத்தில் அவளுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டன் நன்றாக இருக்கிறது. எண் புதிய வருஷம். வீக்கம் இல்லை, வெட்டு இல்லை. கெட்டது இரண்டில் எது என்று எனக்கே தெரியாது. சுவரிலிருந்து போனது மூன்று, ஒருவேளை மூன்றாவதை ஸ்டெப்னியாக, மாற்று டயராக வாங்கியிருந்து அதுதான் கெட்டதென்றால், அவர்கள் அதை மாட்டாத வரை பயமில்லை. ஆனால் அந்த ஒருவேளையை நம்பி இரண்டு குழந்தைகளை மலையேற்ற முடியுமா?

"உள்ளே நைஞ்சிருக்கும்மா. வெளிய தெரியாது. நான் கை விட்டுப் பார்த்தேன்."

"வழி விடுங்க," என்றார் கண்ணாடிக்காரர். நல்ல மனிதர், அதைக்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும். வண்டி நல்லாத்தான் ஓடுது." சாவியைத் திருப்பினார்.

நான் காரின் பின்னால் போய் உட்கார்ந்தேன். டயரில் காற்று பிடிக்கிற வால்வுக்குள் ஒரு சின்ன பின் இருக்கும். அதைக் கழற்றுகிற சாவி என் சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும். இடது டயரின் வால்வில் வைத்துத் திருகினேன். பின் என் விரலைத் தட்டிவிட்டு எங்கோ தெறித்தது. உஸ்ஸென்று காற்று சீறியது. கார் அந்தப் பக்கமாக அமுங்கியது, கூரையில் இருந்த நாற்காலி சரிந்தது. எழுந்து மறுபக்கம் ஓடி வலது டயருக்கும் அதையே செய்தேன்.

அப்புறம் நடந்ததைக் கேட்கவா வேண்டும். குழந்தைகள் அழுதன. பெரியவர் இறங்கி என் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் பாதி சாப்பிட்டவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். என்ன பொம்பளை இது, போலீஸைக் கூப்பிடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கூப்பிடுங்க," என்றேன். "யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க. ஆனா டயரைக் கழற்றிப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க. நல்லா இருந்தா என்னை என்ன வேணா செய்ங்க."

பஞ்சர் கடைக்காரர் ஜாக்கியோடு வந்தார். அவருக்கு யார் சண்டை போட்டாலும் வேலைதான். ஒரு சக்கரத்தைக் கழற்றி, டயரின் விளிம்பை நெம்புகோலால் தூக்கிக் கொடுத்தார். எல்லோரும் குனிந்து பார்க்க, நான் கையை உள்ளே விட்டேன். முழங்கை வரை விட்டு ஒரு முழுச் சுற்று.

கை சுத்தமாக வந்தது.

"சரி, அப்ப இன்னொண்ணு," என்றேன்.

இன்னொன்றும் சுத்தம். மறுபடி தடவினேன். விரல் நுனியை மாற்றி மாற்றித் தடவினேன். குழந்தையின் கன்னம் போல வழுவழுவென்று இருந்தது. நாள் முழுக்கத் தேடினாலும் அதில் ஒரு தூள் கிடைக்காது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பார்த்தீங்களா," என்றாள் கணவனிடம், அழுகிற குரலில். "குழந்தைங்களோட நடுரோட்டுல நிக்க வெச்சுட்டாங்க."

"அப்ப ஸ்டெப்னிதான்," என்றேன். எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. "அதையும் எடுங்க. அதுதான் கெட்டது."

"ஸ்டெப்னி எங்களோடது," என்றார் கண்ணாடிக்காரர். "வண்டி வாங்கினப்பலேருந்து இருக்கிறது. உங்க கடையில ரெண்டுதான் வாங்கினோம்."

"மூணு."

"ரெண்டும்மா. பின் டயர் ரெண்டு."

சுவரில் சாத்தியது நாலு. மிச்சம் இருந்தது ஒன்று. இவர்களிடம் இரண்டு. போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தேன்.

"அண்ணி," என்றான் சோப்பு. அவன் அழுதுகொண்டிருந்தான். "எத்தனை தடவை அடிக்கிறேன். ஒண்ணை அண்ணன் வண்டியில போட்டுட்டேன் அண்ணி. அதைத்தான் சொல்ல வந்தேன். அண்ணனுக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கறாரு."

"எதுக்குடா போட்ட?" என்று கேட்டது என் குரல்தான்.

"வேன்ல பின் டயர்ல கம்பி வெளிய தெரிஞ்சுது அண்ணி. நான் வந்த நாள்லேருந்து அண்ணன் சொல்லிக்கிட்டே இருக்காரு. உங்ககிட்ட கேட்டா, விக்கிறதுக்கே டயர் பத்தல, நம்மளது அப்புறம் பார்க்கலாம்னு சொன்னீங்களாம். அளவு ஒண்ணுதானே, சுவத்துல நல்லா நாலு இருந்துச்சு. அண்ணனுக்குன்னு நான்தான் பார்த்துப் போட்டேன்."

அந்தக் கழற்றிய டயர்மேலேயே உட்கார்ந்தேன். அவர் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. வண்டி ஓட்டும்போது போனை எடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று அவரை மிரட்டி வைத்திருக்கிறேன். என் பேச்சை அப்படியே கேட்கிற ஆள் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

"யாரு வண்டியில?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"என் வீட்டுக்காரர். லோடு ஏத்திக்கிட்டு இதே மலையில போறாரு."

அவள் என்னைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, குழந்தையை மாமனாரிடம் கொடுத்தாள். அவர் கையிலிருந்து என் ஸ்கூட்டர் சாவியை வாங்கினாள்.

"நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உட்கார்ந்து போன் போடறேன். ரெண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது." கணவனிடம் திரும்பி, "டயரை மாட்டிட்டு வாங்க," என்றாள். "நல்ல டயர்தானே."

மலைச்சாலையில் என் ஸ்கூட்டர் முக்கி முனகி ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முட்டி உயரத்துக்கு ஒரு சுவர், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. முதுகுக்குப் பின்னால் அவள் விடாமல் போன் போட்டாள். "மணி அடிக்குது," என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "எடுக்கல," என்பாள். ஒவ்வொரு வளைவிலும் இதே இரண்டு வார்த்தை. ஊசி மரப்பு விட்டுப் பல் மறுபடி வலிக்க ஆரம்பித்தது. நான் அழுதுகொண்டுதான் ஓட்டினேன், அவளுக்கும் அது தெரியும்.

ஒரு வளைவு திரும்பியதும் சாலை நடுவில் ஒரு டயர் கிடந்தது.

சக்கரமில்லாத வெறும் டயர். எங்கள் லோடு. நான் பார்த்துப் பார்த்து ஏற்றச் சொன்னது. சுற்றி ஓட்டினேன். அடுத்த வளைவில் இரண்டு கிடந்தன, ஒன்று சுவரில் மோதி நின்றது, ஒன்று சாக்கடைக்குள். அதற்கு மேலே இன்னும் சில. மேலேயிருந்து ஒன்று தானாக உருண்டு வந்து எங்களைத் தாண்டிப் போனது. அவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "பார்த்து," என்றாள். மேலே ஏற ஏற டயர் அதிகமானது. வேனைக் காணோம். சுவர் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. ஐயோ என்று நான் கத்திவிட்டேன். அது பழைய இடிசல், கல்லின்மேல் புல் முளைத்திருந்தது.

அதற்கு அடுத்த வளைவில் வேன் இருந்தது. பாறைப் பக்கத்துச் சாக்கடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின் கதவு திறந்து கிடந்தது. முன்னால் ஒரு லாரி நின்றது. லாரி டிரைவர் ஒரு பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்ற, கீழே ஒரு ஆள் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் ரத்தம். சட்டையெல்லாம் மண். அவர்தான்.

ஸ்கூட்டரை நிறுத்தினேனா, விட்டேனா என்று தெரியாது. அந்தப் பெண் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடிப்போய் அவர் கை காலையெல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

"ஏங்க போனை எடுக்கல?" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் அதுதான் வந்தது.

"சீட்டுக்கு அடியில எங்கயோ விழுந்துடுச்சு. அடிச்சுக்கிட்டேதான் இருக்கு." அவர் என் முகத்தைப் பார்த்தார். "பல்லு எப்படி இருக்கு?"

நான் அழுதேன். லாரி டிரைவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"வளைவுல பட்டுனு போச்சு," என்றார் என் வீட்டுக்காரர். "நல்லவேளை, இழுத்தது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இழுத்திருந்தா..." "சோப்பை ஒண்ணும் சொல்லாத. ஆசையா மாட்டிக் குடுத்தான். சுவத்துல சாத்தியிருந்ததுண்ணா, அண்ணி பார்த்து வெச்சதுன்னு சொன்னான். நீ பார்த்ததுக்கு அப்புறம் நான் என்னத்தைப் பார்க்கறது? அந்தத் தைரியத்துல லோடு கொஞ்சம் கூடவே ஏத்திட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அவருக்கு அது தெரியாது. என்னைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

"அது நான் கழிச்ச டயருங்க," என்றேன். "குறி போட்டிருந்தேன். கழுவிட்டான்."

"பழசு இருந்திருந்தாலும் இதே கதிதான்," என்றார். "அதுல கம்பி தெரிஞ்சுதே. நான்தான் பேசாம இருந்துட்டேன். கேட்டா நீ டென்ஷன் ஆவேன்னு."

கீழேயிருந்து வெள்ளைக் கார் மெதுவாக ஏறி வந்தது. கண்ணாடிக்காரர் இறங்கி வந்தார். வழியில் கிடந்த டயர்களில் சிலதை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்தப் பெண் பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். என்னிடம் கொடுக்காமல் அவளே என் வீட்டுக்காரரின் நெற்றியில் கட்டினாள். ஆண்கள் மூன்று பேரும் வேனை எப்படி வெளியே எடுப்பது என்று பேச ஆரம்பித்தார்கள்.

நான் வேனைச் சுற்றிப் போனேன். வெடித்த டயர் ரிப்பன் ரிப்பனாகத் தொங்கியது. அதை எனக்குத் தெரியும், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. நான் மற்ற மூன்றைப் பார்க்கத்தான் போனேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வேனின் டயர் முன்னால் நான் ஒரு நாளும் குனிந்ததில்லை. பின்னால் ஒன்றில் நீளமாக ஒரு வெட்டு, அதன்மேல் யாரோ பசை தடவி ஒட்டியிருந்தார்கள். அவராகத்தான் இருக்கும். பக்கத்து எண்ணைத் துடைத்துப் பார்த்தேன், அது எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம். முன் டயர் இரண்டையும் உள்ளங்கையால் தடவினேன். பட்டன் என்று ஒன்று அங்கே இல்லை, மொழுமொழுவென்று கை வழுக்கியது.

அந்த மாதிரி டயரை நான் இதுவரை யாருக்கும் விற்றதில்லை.